கடும்புப்பால் மா: எப்போது கறந்தது, எவ்வளவு சூடாக்கியது?

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய தமக்கை இரண்டு பேணி கடும்புப்பால் மா, அதாவது பசு கன்று போட்டவுடன் கறக்கும் பாலை உலர்த்திய மா, அனுப்பியிருக்கிறார். ஒன்றில் "முதற் கறவை, ஆறு மணிநேரத்துக்குள் சேகரித்தது, உறையவைத்து உலர்த்தியது, ஐஜிஜி 25 சதவீதம்" என்று இருக்கிறது. மற்றதில் "72 மணிநேரத்துக்குள் சேகரித்தது, ஐஜிஜி 40 சதவீதம்". ஐஜிஜி என்பது கடும்பில் உள்ள, நோய்க்கிருமியைப் பிடிக்கும் ஒரு புரதம். இரண்டாவதுதான் விலை குறைவு. எது தரமானது? அம்மாவோ, "எங்கட சிவப்பி இன்னும் மூன்று கிழமையில கன்று போடும், அந்தக் கடும்பை அவிச்சுச் சாப்பிட்டால் காணாதோ?" என்று கேட்கிறாராம். வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் இந்த மாவைக் கரைத்துக் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பேணியில் எழுதியிருப்பது உண்மையென்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். 25ஐ விட 40 பெரிது என்பதால் இரண்டாவது நல்லது என்று ஆகிவிடாது. கடும்புப்பாலின் தரத்தில் பெரும்பங்கு ஆலைக்குப் போக முதலே, மாட்டுக்கொட்டிலில், கன்று விழுந்த முதல் சில மணிநேரத்தில் முடிவாகிவிடுகிறது. அதை ஆலை காப்பாற்றலாம், அல்லது கெடுக்கலாம். இல்லாத ஒன்றை உண்டாக்க அதனால் முடியாது. பால்மாத் தரச்சோதனையில் வேலை செய்தவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் விளம்பரங்கள் எல்லாம் கடைசிக் கட்டமான உலர்த்தலைப் பற்றியே பேசுகின்றன. தொடக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக, நோய்க்கிருமிகளைப் பிடிக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளைப் பெற்றுக்கொள்கிறது. மாட்டுக்கு அப்படி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அவற்றைக் கன்றுக்குக் கடத்தவிடாது. அதனால் கன்று ஏறக்குறைய நிர்ப்பீடனமே இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தக் குறையை ஈடுசெய்யவே பசு கன்று போடுவதற்கு ஐந்து கிழமைக்கு முன்பிருந்து தன் இரத்தத்தில் உள்ள ஐஜிஜி எனும் பிறபொருளெதிரியை மடியில் சேர்த்து வைக்கத் தொடங்குகிறது. கன்று போடும் நேரத்தை ஒட்டி ஓமோன்கள் மாற, அந்தக் கடத்தல் நின்றுவிடும். பால் சுரப்பு தொடங்கிவிடும். அதாவது மடியில் இருக்கும் ஐஜிஜியின் அளவு இனிக் கூடப்போவதில்லை, ஆனால் அதற்குள் புதுப்பால் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கறக்காமல் விட்டாலும் கடும்பு நீர்த்துப் போவது இதனால்தான். "மடிக்குள்ளதானே இருக்கு, விடியக் கறப்பம்" என்று விடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

எவ்வளவு வேகமாக நீர்த்துப்போகும்? அமெரிக்காவில் கறவைப் பசுக்களில் செய்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், கன்று போட்டு இரண்டு மணிநேரத்தில் கறந்த கடும்பில் லீற்றருக்குச் சராசரி 113 கிராம் ஐஜிஜி இருந்தது. ஆறு மணிநேரத்தில் அது 94 ஆனது, பத்து மணிநேரத்தில் 82, பதினான்கு மணிநேரத்தில் 76. ஒரே பசுக்கள், அதே மடி, நேரம் மட்டுந்தான் வேறு. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே "ஆறு மணிநேரத்துக்குள்" என்ற வரி வெறும் அலங்காரம் இல்லை. அது உண்மையாயின் மதிப்புள்ள வரி.

இனி ஒவ்வொரு கறவையாகப் பார்ப்போம். பால் விஞ்ஞானப் பாடநூல்களில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் அட்டவணை ஒன்றில், முதற் கறவையில் லீற்றருக்கு 48 கிராம் ஐஜிஜி, இரண்டாவதில் 25, மூன்றாவதில் 15, சாதாரண பாலில் 0.6 என்று இருக்கிறது. முந்திய ஆய்வின் 113க்கும் இந்த 48க்கும் இடையில் இவ்வளவு வித்தியாசமா என்று யோசிக்கலாம். ஆம், மந்தைக்கு மந்தை, பசுவுக்குப் பசு அவ்வளவு வேறுபடும். ஆனால் இறங்குமுகம் எங்கும் ஒன்றுதான். இரண்டாம் கறவைக்கு வரும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். புரதம் முதற் கறவையில் 14 சதவீதம், மூன்றாவதில் 5. மாறாக, பாற்சீனியான லக்டோஸ் 2.7 இலிருந்து 4.4 ஆக ஏறும். கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாலேயே காணலாம். முதற் கறவை பொன்மஞ்சளாக, குவளையைச் சரித்தால் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். மூன்றாவது கறவையில் அந்த ஒட்டல் இல்லை, நிறமும் வெளுத்துவிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது, பச்சைப் புல் தின்ற மாட்டுக்கு அது கூடும். பிறபொருளெதிரிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இதே அட்டவணையை வைத்து மாவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சகோதரியின் கேள்விக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முதற் கறவையில் நூறுக்கு ஏறக்குறைய 24 பங்கு திண்மம், அதில் கொழுப்பு 6.7. கொழுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 17 பங்கு. ஐஜிஜி 4.8 பங்கு. ஆகவே கொழுப்பு நீக்கி அப்படியே உலர்த்தினால் மாவில் ஐஜிஜி ஏறக்குறைய 28 சதவீதம் வரவேண்டும். இரண்டாம் கறவையை மட்டும் உலர்த்தினால் 20, மூன்றாவதை மட்டும் உலர்த்தினால் 15. சாதாரண பாலை உலர்த்தினால் ஒரு சதவீதம்கூட வராது. இப்போது 72 மணிநேரத்தை எடுங்கள். நாளுக்கு இரண்டு முறை கறந்தால் அது ஆறு கறவை. போகப்போகப் பாலின் அளவு கூடும், ஐஜிஜி குறையும். எல்லாவற்றையும் ஒரே தாங்கியில் ஊற்றினால், முதற் கறவை எவ்வளவு செறிவாக இருந்தாலும் அடியில் அமுங்கிப்போகும். அந்தக் கலவையை அப்படியே உலர்த்தி 40 சதவீதம் பெற வழியே இல்லை. ஆகவே இரண்டாவது பேணியில் எழுதியிருக்கும் 40 உண்மையென்றால், அது வடிகட்டிச் செறிவாக்கியது என்று அர்த்தம். முதலாவதில் 25 என்றிருப்பது, முதற் கறவையை அதிகம் தொந்தரவு செய்யாமல் உலர்த்தினால் இயல்பாக வரக்கூடிய எண். இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அதனால்தான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது.

நியூசிலாந்தில் கன்று போட்ட பிறகு வரும் முதல் எட்டுக் கறவை, அதாவது நான்கு நாட்பால், சாதாரண பாலோடு சேரக்கூடாது என்பது நடைமுறை. அந்த நான்கு நாட்பாலும் கடும்பு என்ற பெயருக்குள் வந்துவிடுகிறது. அதனால் "நியூசிலாந்துக் கடும்பு", "புல் மேய்ந்த பசு" என்பதெல்லாம் நல்ல செய்திதான் என்றாலும், எந்தக் கறவை என்பதை அவை சொல்வதில்லை. நாட்டின் பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

கறக்கும் நேரத்துக்கு முன்னரே சில காரணங்கள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லவேண்டும். கன்று போட முன்னர் பால் வற்றவிட்ட காலம் மூன்று நான்கு கிழமைக்குக் குறைந்தால் மடியில் சேர்வதற்கு நேரம் போதாது. கன்று போடுவதற்கு முன்னரே முலையிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தால் நல்லது நிலத்தில் போகிறது என்று அர்த்தம். மடிவீக்கம் வந்த மாடு, கடும் வெயிலில் நின்று களைத்த மாடு, இவற்றின் கடும்பும் குறையும். மூன்றாம் நான்காம் ஈற்றுப் பசுக்களுக்குத் தலையீற்றுப் பசுவை விடச் செறிவு பொதுவாகக் கூட. அதிகம் கறக்கும் பிறீசியன் இனப் பசுவை விட ஜேசி இனப் பசுவின் கடும்பு தடிப்பு. பால் குறைவாகச் சுரப்பதால் நீர்ப்பும் குறைவு. பனையோலை கிழித்துப் போட்டு, வைக்கோலும் பிண்ணாக்கும் வைத்து நாம் வளர்க்கும் ஜேசிக் கலப்பு மாடுகளின் கடும்பு செறிவில் குறைந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். குறைவு அளவில்தான்.

சரி, நேரத்தோடு கறந்தாயிற்று. அடுத்தது வாளி. ஐஜிஜியைப் பற்றியே பேசிக்கொண்டு பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடும்பு, பற்றீரியா பெருகுவதற்கு மிக வசதியான சாப்பாடு. யாழ்ப்பாணத்தின் பகல் வெப்பத்தில், முப்பது பாகைக்கு மேல், அவை அரை மணிநேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகக்கூடும். காலையில் கறந்து மூடிவைத்ததை மதியம் எடுத்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். பிறகு அதைச் சூடாக்கிப் பற்றீரியாவைக் கொன்றாலும் அவை விட்டுச்சென்ற அமிலமும் நொதியங்களும் மிஞ்சும். அமிலம் ஏறிய கடும்பு குறைந்த சூட்டிலேயே திரைந்துவிடும். எனவே நல்ல ஆலைகள் பண்ணையிலேயே குளிரவைத்து, ஒரு நாளுக்குள் உறையவைத்துத்தான் கொண்டுவருகின்றன. நான்கு பாகையில் ஓரிரு நாள் வைக்கலாம். மறை இருபது பாகையில் ஓர் ஆண்டுவரை ஐஜிஜி பெரிதாகக் குறையாது. ஆனால் உருகி மறுபடியும் உறைந்தால் தரம் போகும். கன்றுக்கே கொடுப்பதற்குக்கூட மில்லிலீற்றரில் ஒரு இலட்சத்துக்குக் குறைவான பற்றீரியாதான் இருக்கவேண்டும் என்பது பண்ணைகளில் வைத்திருக்கும் எல்லை. மனிதர் சாப்பிடும் மாவுக்கு அதைவிடக் கடுமை வேண்டும்.

அடுத்தது சூடு. கடும்பைச் சாதாரண பால் மாதிரி நினைத்துக் காய்ச்ச முடியாது. ஐஜிஜி ஒரு மோர்ப்புரதம், அதாவது பால் திரைந்த பின் மிஞ்சும் நீரில் நிற்கும் புரதம், சூட்டில் அதன் மடிப்பு குலைந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு வெந்து இறுகுவதில் நடப்பதும் இதேதான். குலைந்த பிறகும் அது புரதம்தான், சத்தும் அப்படியே இருக்கும், ஆனால் கிருமியைப் பிடிக்கும் வேலை போய்விடும். மிகக் கவனமாக ஆராய்ந்து கண்ட எல்லை 60 பாகையில் 60 நிமிடம். அந்த அளவில் நோய்க்கிருமிகளில் முக்கியமானவை அழிகின்றன, ஐஜிஜி ஏறக்குறைய முழுதாகத் தப்புகிறது, கடும்பும் தடிப்பதில்லை. வெறும் மூன்று பாகை கூட்டி, 63 பாகையில் 30 நிமிடம் வைத்தால், அதாவது பாலுக்குப் பழைய பாச்சர் முறையில் செய்வது போலச் செய்தால், கால் பங்கிலிருந்து பாதிக்கு மேல்வரை ஐஜிஜி போனதாக மினசோட்டாவில் செய்த சோதனைகள் காட்டின. தொகுதி பெரிதாக இருந்தால் இழப்பும் கூட இருந்தது. பெரிய தொகுதி சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கிறது அல்லவா. ஆலைகளில் நடைமுறையில் இருக்கும் 72 பாகை, 15 விநாடி முறையும் உண்டு. தொட்டாற்போல் சூடாக்கி உடனே குளிரவைப்பதால் ஒழுங்காக நடந்தால் பெரும்பங்கு தப்பும். ஆனால் தடித்த முதற் கடும்பு சூடேற்றும் தகடுகளில் ஒட்டிப் படியும். அது படியப்படியச் சூடும் சீராக இராது. சிலர் அதனாலேயே பிந்திய கறவையைக் கலந்து மெல்லிசாக்குகிறார்கள். சூட்டுக்கும் நேரத்துக்கும் இடையில் இப்படியொரு இழுபறி இருப்பது பேணியில் ஒருநாளும் எழுதப்படுவதில்லை. "குறைந்த வெப்பத்தில் பதப்படுத்தியது" என்ற வரி மட்டும் இருக்கும், எத்தனை பாகை என்று இராது. கேட்டு எழுதினால் நல்ல நிறுவனம் பதில் தரும்.

அம்மாவின் கேள்விக்கு இங்கேயே விடை வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் கடும்பு அவிப்பது எப்படி? முதல் இரண்டு மூன்று நேரக் கடும்போடு கொஞ்சம் பாலும் பனங்கட்டியோ சீனியோ ஏலக்காயும் சேர்த்து, பாத்திரத்தை இடியப்பப் பானைக்குள் வைத்து மூடி அவிப்போம். சற்று நேரத்தில் கத்தியால் வெட்டுமளவுக்கு இறுகிவிடும், அயலட்டைக்கும் ஒரு துண்டு போகும். சாதாரண பாலை அப்படி அவித்தால் இறுகாது. இறுக்குவது அந்த மோர்ப்புரதங்கள்தான், அதில் பெரும்பங்கு ஐஜிஜியே. ஆக, கடும்பு இறுகிற அந்தக் கணத்தில் பிறபொருளெதிரி வேலைக்கு உதவாமல் போகிறது. அம்மா சாப்பிடட்டும், நல்ல புரதமும் கல்சியமும் உள்ள அருமையான சாப்பாடு, எனக்கும் மிகப் பிடித்தது. பேணி மாவுக்குப் பதிலாக அதை எண்ணக்கூடாது, அவ்வளவுதான். அதற்காகப் பச்சையாகக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். புரூசெல்லா, காசநோய்க் கிருமி போன்றவை பச்சைப் பாலில் வரக்கூடியவை. அந்த ஆபத்துக்கு எந்தப் பிறபொருளெதிரியும் ஈடாகாது.

இடையில் கொழுப்பு எடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. முதற் கறவையில் கொழுப்பு அதிகம், உலர்ந்த மாவில் அது சிக்கு வாடை பிடிக்கும். அதனால் பெரும்பாலான ஆலைகள் சுழற்றிக் கொழுப்பை எடுத்துவிடுகின்றன. ஐஜிஜி கொழுப்பில் இல்லை, எனவே இதனால் குற்றமில்லை. கொழுப்பில் கரையும் விற்றமின் ஏ கொஞ்சம் போகும். முழுக்கொழுப்போடு விற்பவர்கள் அதைப் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். எங்கள் வெப்பத்தில் வைத்துப் பாவிப்பதற்குக் கொழுப்பு நீக்கியதே நல்லது என்பது என் எண்ணம்.

வடிகட்டிச் செறிவாக்குவது கொஞ்சம் சிக்கலான விஷயம். மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும்போது ஐஜிஜி போன்ற பெரிய மூலக்கூறு பின்னால் நிற்கும், லக்டோஸும் உப்புகளும் கடந்து போகும். சில ஆலைகள் பாலின் முக்கிய புரதமான கேசினையும் திரையவைத்து அகற்றிவிட்டு மோர்ப்பங்கை மட்டும் எடுக்கின்றன. அப்படி 40 சதவீதத்துக்கு ஏற்றலாம். இது கலப்படம் இல்லை. லக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உதவியும்கூட. ஆனால் கடும்பில் ஐஜிஜி மட்டுமா இருக்கிறது? லக்டோபெரின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, ஐஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. அவற்றில் சிறியவை சவ்வு வழியே கடந்து போய்விடக்கூடும். தவிர, ஒவ்வொரு படியும் இன்னொரு தடவை பம்பு, இன்னொரு தடவை சூடு, இன்னொரு மணிநேரம். பிந்திய கறவையை வாங்கிச் செறிவாக்குவது மலிவு என்பதால்தான் இரண்டாவது பேணியின் விலை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உலர்த்தலைப் பற்றி விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். விசிறி உலர்த்தும் முறையில் உள்ளே போகும் காற்று 150 இலிருந்து 200 பாகை வரை இருக்கும். அந்த எண்ணைக் காட்டித்தான் "எல்லாம் எரிந்துபோகும்" என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் துளியின் சூடு அதுவல்ல. நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை துளி குளிர்ந்தே இருக்கும், வெளியே வரும் காற்று 70 இலிருந்து 90 பாகை, அதற்குள் துளி காய்ந்துவிடும், காய்ந்த புரதம் சூட்டை அதிகம் தாங்கும். வெளிவரும் காற்றின் சூட்டைக் கட்டுப்படுத்தி ஓட்டினால் ஐஜிஜியில் பெரும்பங்கு தப்பும். கட்டுப்பாடில்லாமல், நேரம் மிச்சம் பிடிக்கச் சூட்டை ஏற்றி ஓட்டினால் போய்விடும். உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி உலர்த்தும் முறை மென்மையானது, செலவும் பலமடங்கு. ஆனால் ஒரு விஷயம்: அந்த முறை பற்றீரியாவைக் கொல்லாது, மாறாகப் பத்திரப்படுத்தும். அழுக்கு வாளியில் கறந்து உறையுலர்த்திய கடும்பை விட, சுத்தமாகக் கறந்து கவனமாக விசிறி உலர்த்தியது எவ்வளவோ மேல். ஆகவே உலர்த்திய முறையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பேணியில் "புரதம் 70 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதைப் பார்த்து மயங்கவேண்டாம். வெந்துபோன புரதமும் புரதக் கணக்கில் வரும். ஐஜிஜியை அளப்பதற்கு வேறு முறைகள் இருக்கின்றன. ஜெல்லில் பரவவிட்டு வளையம் பார்ப்பது, புரதம்-ஜி என்பதில் ஒட்டவைத்து அளப்பது என்று. மடிப்புக் குலையாத ஐஜிஜிதான் அவற்றில் நன்றாகப் பிடிபடும். "உலர்த்திய பிறகு, இந்த முறையில் அளந்தது, ஒரு வேளைக்கு இத்தனை கிராம் ஐஜிஜி" என்று எழுதியிருக்கும் பேணியே உருப்படியானது. தொகுதி எண்ணைக் கொடுத்தால் சோதனை அறிக்கை அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. ரொறொன்ரோவில் உள்ள தமக்கை ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளவையும் பாருங்கள். குடலுக்கும் சுவாசத் தொற்றுக்கும் கடும்புப்பால் ஏதாவது செய்கிறதா என்று விளையாட்டு வீரர்களில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 10 முதல் 20 கிராம் மா கொடுத்தார்கள். கடுமையான பயிற்சியின் பின் குடற்சுவர் கசிவதைக் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு போட்டால் அது ஒரு கிராம். பத்தில் ஒரு பங்குகூட இல்லாமலும் போகலாம். வளர்ந்த மனிதரின் இரத்தத்துக்குள் மாட்டின் ஐஜிஜி போய்ச் சேர்வதில்லை. செரிமானத்தில் தப்பும் ஒரு பங்கு குடலுக்குள்ளேயே வேலை செய்கிறது. அம்மாவின் முழங்கால் வலிக்கென்று அனுப்பியிருந்தால் அந்த எதிர்பார்ப்பை வைக்கவேண்டாம், அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பாற்புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. வீட்டில் தேசிய மட்டத்தில் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் தவிர்ப்பது நல்லது. ஐஜிஎஃப் இருப்பதால், ஊக்கமருந்துக்கு எதிரான உலக முகவரகமான வாடா கடும்புப்பாலைப் பரிந்துரைப்பதில்லை.

பேணியைத் திறந்த பிறகு நடப்பதும் தரத்தில் சேர்த்திதான். குசினியில் அடுப்புக்குப் பக்கத் தட்டில் வைத்து, ஈரக் கரண்டி போட்டு எடுத்தால் சில கிழமையில் மா கட்டிபட்டுப் பழுப்பாகும். பழுப்பாவது, புரதமும் பாற்சீனியும் சேர்ந்து மாறுவதால். வாய் இறுக்கமாக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால், எடுத்தவுடன் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வந்த பின் திறவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் பூக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொதிக்கிற தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கவேண்டாம். இவ்வளவு பாடுபட்டுச் சூட்டில் குலையவிடாமல் கொண்டுவந்ததை ஒரு கோப்பைக்குள் அவித்துவிடுவோம். அறைச்சூட்டுத் தண்ணியில் அல்லது ஆறிய பாலில் ஒரு கரண்டி தூவி, கொஞ்சம் ஊறவிட்டுக் கலக்குங்கள். நல்ல மா மெதுவாகக் கரைந்து ஒரே சீராக வரும். எவ்வளவு கலக்கியும் கரையாத மணல்போன்ற துகள் அடியில் நின்றால், எங்கோ கூடச் சூடு பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கைக்குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. குழந்தைக்கான கடும்பு தாயின் மார்பில் முதல் நாட்களில் வருவதுதான். பிறந்து ஒரு மணிநேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கவேண்டும் என்று மருத்துவமனைகளில் வற்புறுத்துவது அதற்காகவே. மனிதக் கடும்பில் மேலோங்கியிருப்பது ஐஜிஏ என்ற வேறொரு பிறபொருளெதிரி, மாட்டுக் கடும்பில் ஐஜிஜி. ஒன்று மற்றதுக்கு மாற்றாகாது. மாட்டுப் புரதம் குழந்தையின் குடலுக்கு ஒவ்வாமையையும் கொண்டுவரலாம்.

இப்போது சிவப்பியைப் பற்றி. இது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் நேரம் உண்மையில் உயிர்போகிற விஷயமாக இருப்பது இங்கேதான். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடவேண்டும் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்கவேண்டாம். கன்றின் குடல் ஐஜிஜியை முழுதாக இரத்தத்துக்குள் விடுவது பிறந்த முதல் சில மணிநேரந்தான், ஏறக்குறைய ஒரு நாளில் அந்த வாசல் அடைபட்டுவிடும். இளங்கொடி விழ அதற்குள் பாதி நேரம் போய்விடலாம். கன்று எழும்பி நின்றதும், இரண்டு மணிநேரத்துக்குள், அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு கடும்பு உள்ளே போகவேண்டும். 25 கிலோக் கன்று என்றால் இரண்டரை லீற்றர். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் சில மணிநேரம் கழித்து மீதியைக் கொடுங்கள். நாம்பன் கன்று என்றால் கவனம் குறைவதையும் கண்டிருக்கிறேன், அதற்கும் இதே கடும்பு வேண்டும்.

செறிவு பார்க்க ஆசையிருந்தால், முந்திரிகைரசம், நெல்லிரசம் அடைக்கும் சிறு ஆலைகளில் சீனி பார்க்க வைத்திருக்கும் பிறிக்ஸ் மானி போதும். கண்ணாடியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 22க்கு மேல் காட்டினால் லீற்றருக்கு 50 கிராமுக்குக் குறையாத ஐஜிஜி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், கன்றுக்கு அது நல்ல கடும்பு.

எங்கள் மாடுகளின் முதற் கறவையில் கன்று குடித்துப் பெரிதாக மிஞ்சாது. யாராவது வந்து முதற் கடும்பை நல்ல விலைக்குக் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். அப்படி மிஞ்சினால், சுத்தமாகக் கழுவிக் காயவைத்த அரை லீற்றர்ப் போத்தல்களில் ஊற்றி, திகதி எழுதி, பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த ஈற்றிலோ, அயல்வீட்டில் தாய் செத்த கன்றுக்கோ உதவும். எடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், கை பொறுக்கும் சுடுதண்ணிக்குள், 50 பாகைக்கு மேற்படாமல் வைத்து உருக்குங்கள். இரண்டாம் மூன்றாம் நேரக் கடும்பு அம்மாவின் இடியப்பப் பானைக்குப் போகலாம்.